குனிந்து பார்க்கும் கேமராவில் தெரு இடவலம் மாறுவது ஏன்?

சிகாகோ தெருக்களை 1950களிலும் அதற்குப் பின்னரும் படம்பிடித்த விவியன் மேயர் கையாண்ட ரோலிஃபிளெக்ஸ், 120 வகை ஃபிலிம் சுருளில் ஏறத்தாழ 56 மி.மீ. பக்கமுள்ள 12 சதுரப் படங்களைப் பதிக்கும் மீடியம் ஃபார்மட் கேமராவாகும். இதன் மேல் லென்ஸ் காட்சியைக் காண்பதற்கும், கீழ் லென்ஸ் அதை ஃபிலிமில் பதிப்பதற்கும் உரியவை. லென்ஸ் தரும் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்க, 45 பாகை சாய்ந்த ஆடி தலைகீழை மட்டும் நிமிர்த்துவதால், உச்சியிலுள்ள மங்கற்கண்ணாடித் திரையில் வலப்புறமாக நடப்பவர் இடப்புறமாக நகர்வதாகத் தெரிகிறார்.

கேமராவை இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்ப்பவரின் கண்கள் எதிரிலிருப்பவரை நேராக நோக்காததாலும், லென்ஸோடு இணைந்த ஷட்டர் மெல்லிய ஓசையையே எழுப்புவதாலும், தெருவின் இயல்பு பெரும்பாலும் கலைவதில்லை. ஆனால் படப்பரப்பு 35 மி.மீ. ஃபிலிமினுடையதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரிதாதலால், 35 மி.மீ. கேமராவின் வழக்கமான லென்ஸ் தரும் காட்சிக்கோணத்தை ஏறத்தாழப் பெற 75 அல்லது 80 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் தேவைப்படுகிறது. குவியத்தூரம் கூடும்போது புல ஆழம், அதாவது படத்தில் தெளிவாக அமையும் தொலைவின் நீட்சி, சுருங்குகிறது. எனவே ஒளித்துளையை எஃப் 11 அளவுக்குச் சிறிதாக்கி, குவியத்தை 3 மீட்டரில் முன்கூட்டியே நிறுத்தினால், ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை நடமாடுவோர் தெளிவாகப் பதிவாவர். துளை சிறுத்ததால் குறையும் ஒளியை ஈடுசெய்ய, ஐ.எஸ்.ஓ. 400 போன்ற உணர்திறன் மிக்க ஃபிலிம் கைகொடுக்கிறது.