கதிரைத் தாங்கும் உலோகம், கதிரைத் தாங்கும் உடல்

சாலவாக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற ஒரு பெரியவர் எங்கள் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். அவர் முப்பது ஆண்டுகள் கல்குவாரியில் பாறைக்குத் துளை போட்டவர். சிகிச்சையின் மூன்றாம் வாரத்தில் இயந்திரம் பராமரிப்புக்காக ஒரு நாள் நிறுத்தப்பட்டது. கதிர் விழும் தகடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது அவருடைய மகள் பேசினார். "இரும்பையே தேய்க்கிற கதிர் என் தொண்டையை மட்டும் விட்டுவைக்குமா என்று அப்பா கேட்கிறார், டாக்டர்" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே ஐயம் பலருக்கு எழுவதுண்டு; கேட்பவர்கள்தாம் குறைவு. ஆகவே அதற்கான விடையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது என்ன?

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பயன்படும் இயந்திரத்தை நேர்கோட்டு முடுக்கி என்கிறோம். எலக்ட்ரான் எனும் மிக நுண்ணிய துகள்களை அது ஒளியின் வேகத்திற்கு மிக அருகில் விரையச் செய்து, ஒரு சிறு டங்ஸ்டன் தகட்டின்மீது மோதவிடுகிறது. அந்த மோதலில் பிறக்கும் எக்ஸ் கதிர்களே நோயாளியை வந்தடைகின்றன. மோதும் ஆற்றலின் பெரும்பகுதி கதிராக மாறுவதில்லை. வெப்பமாகத் தகட்டிலேயே தங்கிவிடுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியின் ஆற்றலுக்கு நெருங்கிய அளவு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள புள்ளியில் குவிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் டங்ஸ்டனை வைப்பதற்குக் காரணம் உண்டு. உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை அதற்குத்தான்: 3422 பாகை செல்சியஸ். அதன் அணு கனமானது என்பதால் கதிரையும் நன்கு உண்டாக்கும். வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்ளத் தகட்டின் பின்னே செம்பு உண்டு. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு இருந்தும், நொடிக்குச் சில நூறு முறை சூடேறி ஆறுவதால், கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது தளர்வதுபோல், ஆண்டுகள் பல செல்லத் தகடும் தளரக்கூடும். அதனால்தான் அதைச் சோதிக்கிறோம்.

கல்பாக்கம் கற்றுத்தந்த பாடம்

வெப்பம் ஒருவகைக் காயம். துகள்கள் உலோகத்திற்கு இழைக்கும் இன்னொரு காயமும் உண்டு. அதை ஆராயும் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. சாலவாக்கத்திற்குக் கிழக்கே, கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971 முதல் இயங்கிவருகிறது. அங்குள்ள வேக ஈனுலை 1985-இல் தொடர்வினையை எட்டியது. அத்தகைய உலையின் மையத்திலிருக்கும் எஃகை நியூட்ரான்கள் இரவு பகலாகத் தாக்குகின்றன. கேரம் பலகையில் காய்கள் சிதறுவதுபோல், எஃகின் அணுக்கள் தத்தம் இடத்திலிருந்து தூக்கியெறியப்படுகின்றன. உலையில் நெடுங்காலம் இருக்கும் எஃகில், ஒவ்வோர் அணுவும் சராசரியாகப் பல பத்து முறை இடம்பெயர்ந்திருக்கும். காலியான இடங்கள் ஒன்றுகூடி நுண்ணிய வெற்றிடங்களாகின்றன. எஃகு உள்ளுக்குள் பொரிந்து பருக்கிறது. வளையும் தன்மையையும் இழக்கிறது. இந்த வீக்கம் 1967-இல்தான் முதன்முதலாக உலகுக்குத் தெரியவந்தது.

உலையில் ஆண்டுக்கணக்கில் ஏற்படும் சேதத்தைச் சில மணிநேரத்திலேயே உண்டாக்கிப் பார்க்க, கல்பாக்கம் அறிவியலாளர்கள் அங்குள்ள 1.7 மெகாவோல்ட் முடுக்கியிலிருந்து நிக்கல் அயனிகளை எஃகின்மீது செலுத்துகின்றனர். சிறிதளவு டைட்டானியம் கலந்த எஃகு வீங்குவது குறைவு என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

பேராற்றல் முடுக்கிகளில் திண்மமான உலோகத்தால் ஈடுகொடுப்பதே கடினமாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2006 முதல் இயங்கும் நியூட்ரான் நிலையத்தில், புரோட்டான் கற்றை ஓடும் பாதரசத்தின்மீது விழுகிறது. பாதரசம் நீர்மம், அதற்கு விரிசல் விடும் கவலை இல்லை. ஆனால் அதைத் தாங்கும் எஃகுக் கலம் குழிகுழியாக அரிக்கப்படுவதால், குறித்த காலத்தில் அதை மாற்றியே ஆகவேண்டும். சுவீடனின் லுண்ட் நகரில் அமையும் நிலையத்திலோ, டங்ஸ்டன் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அடி எப்போதும் ஒரே இடத்தில் விழாதிருக்கவே இந்த ஏற்பாடு.

அப்படியானால் உடல்?

முதலில் அளவைப் பார்ப்போம். தகட்டில் விழுவது எலக்ட்ரான் கற்றையின் முழு ஆற்றல். நோயாளிக்கு ஒரு நாளில் வழக்கமாகத் தருவது 2 கிரே. அது உடற்பகுதியின் வெப்பநிலையை ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயர்த்தாது. ஒரு வாய் வெந்நீர் தரும் சூடு இதைவிடப் பன்மடங்கு மிகுதி. கதிர் சுட்டு வேலை செய்வதில்லை. செல்லின் உட்கருவில் உள்ள மரபுப்பொருளை அறுத்தே வேலை செய்கிறது.

அடுத்தது, இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. உலோகத்திற்கு உயிர் இல்லை. கொல்லர் உலைக்களத்தில் காய்ச்சினால் இறுகிய இரும்பு இளகும். தானாக ஆற அதற்கு வழி மிகக் குறைவு. நம் உடலின் இயல்பான செல்களோ அறுபட்ட மரபுப்பொருளைத் தாமே தைத்துக்கொள்கின்றன. அந்த வேலையின் பெரும்பகுதி ஏறத்தாழ ஆறு மணிநேரத்தில் முடிந்துவிடுகிறது. புற்றுச் செல்களுக்கு இத்திறன் பெரும்பாலும் குறைவு. மொத்தக் கதிரையும் ஒரே நாளில் தராமல், முப்பது, முப்பத்தைந்து தவணைகளாகப் பிரித்துத் தருவது இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தத்தான். வாய்ப்புண், தோல் சிவத்தல், உமிழ்நீர் வறட்சி ஆகியவை வரும். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. புண்ணும் சிவப்பும் பெரும்பாலோர்க்குச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடும். வறட்சி நீடிக்கலாம்.

தகடு தேய்ந்தால் கதிர் மிகுதியாகப் பாய்ந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். இயந்திரத்தின் தலைப்பகுதியில் கதிரை அளக்கும் அறைகள் இரண்டு உள்ளன. குறித்த அளவு வந்ததும் கதிர் தானே நின்றுவிடும். நாள்தோறும் முதல் நோயாளி வருமுன் மருத்துவ இயற்பியலாளர் கதிரின் அளவைச் சரிபார்க்கிறார்.

பெரியவரின் கதைக்குத் திரும்புவோம். ஐந்தாம் நாள் மகளுடன் வந்தார். துளை போடும் பிட்டின் முனையில் இருப்பது டங்ஸ்டன் கார்பைடு என்பதை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவரே சொன்னார். "பிட் தேய்ந்தால் மாற்றுவோம், ஐயா. அதற்காகத் துளையைப் பாதியில் விட்டதில்லை" என்றார். விடுபட்ட தவணைகளை ஈடுசெய்யச் சில நாள்கள் ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை கதிர் தந்தோம். வாய்ப்புண்ணால் துன்பப்பட்டார், ஆயினும் முழுச் சிகிச்சையையும் முடித்தார். இப்போது குறித்த நாளில் தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார்.

நோயாளிகளும் உடனிருப்போரும் நினைவில் கொள்ள வேண்டியவை

1. தவணையைத் தவறவிடாதீர்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் ஒவ்வொரு நாள் நீளும்போதும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது.

2. இயந்திரம் நிறுத்தப்பட்டால் அடுத்த தவணை என்று, விடுபட்டது எவ்வாறு ஈடுசெய்யப்படும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. வெளியிலிருந்து தரப்படும் எக்ஸ் கதிர்ச் சிகிச்சையால் உடலில் கதிரியக்கம் எஞ்சாது. பேரக் குழந்தைகளைத் தயங்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

4. வலியோ ஐயமோ எழுந்தால் வீட்டிலேயே தங்கிவிடாமல் எங்களிடம் வாருங்கள். உங்கள் அச்சம் எங்களுக்குத் தெரிந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும்.