போனைக் கீழே வைக்கச் சொல்லும் ஆப்

மினி ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டால், எந்த டிபார்ட்மெண்ட்டாக இருந்தாலும் ஒரு டீமாவது "ஃபோகஸ் ஆப்" என்று எழுதிக் கொடுக்கும். காரணம் சிம்பிள். பிரச்சனை நமக்கே இருக்கு. டெஸ்ட் பண்ண ஆட்கள் ஹாஸ்டல் முழுக்க இருக்காங்க. ஒரு டைமர், ஒரு பட்டன், ஒரு கிராஃப் போட்டால் ரிவ்யூவும் முடிஞ்சிடும். ஆனால் ரிவ்யூ முடிந்த அடுத்த வாரம் அந்த ஆப் யார் போனில் இருக்கிறது என்று பாருங்கள். செய்த டீம்காரர்கள் போனிலேயே இருக்காது!

டைமர் ஓடவில்லை என்பதால் யாரும் அதை எடுத்துவிடுவதில்லை. இந்த ஆப்புக்கே ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. மற்ற ஆப்கள் எல்லாம் நம்மை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கும். இது மட்டும் நம்மை வெளியே அனுப்ப வேண்டும், அதுவும் அதே போனுக்குள் இருந்துகொண்டு. எனவே வடிவமைக்க உட்காரும்போதே ஒரு விதியை எழுதிவைத்துக்கொள்ளலாம்: நம் ஆப்பை மாணவர் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறாரோ, அவ்வளவு நல்லது. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த விதியிலிருந்துதான் வருகிறது.

கவனம் எங்கே போகுது?

"சும்மா ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்று போனை எடுக்கிறோம். பார்ப்பது அரை நிமிடம்தான் என்றாலும் நஷ்டம் அதோடு முடிவதில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பற்றி எழுதினார். தமிழில் "கவன மிச்சம்" என்று சொல்லலாம். குரூப்பில் வந்த மீமைப் பார்த்துவிட்டு லாப்லாஸ் கணக்குக்குத் திரும்பினால், முதல் சில வரிகள் கண்ணில் மட்டும்தான் ஓடும், மண்டையில் ஏறாது.

போனைத் தொடாமலே இருந்தாலும் தொல்லை இருக்கலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், போனை மேசை மேல் வைத்திருந்தவர்களை விட, வேறு அறையில் விட்டு வந்தவர்கள் சிந்தனைத் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் இந்த விளைவு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இருந்தாலும் போனைத் தள்ளி வைப்பதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

எதிர்ப்பக்கம் சும்மா இல்லை. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் திரையை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். பக்கம் முடிந்தால் மனம் ஒரு நொடி நின்று "போதுமா?" என்று கேட்கும். அந்த நொடியையே அந்த வடிவமைப்பு எடுத்துவிட்டது. நம் ஆப் செய்ய வேண்டியது, அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுப்பது.

ஏற்கெனவே இருப்பதில் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலில் பொமோடோரோ. 1980-களின் இறுதியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்ததிலிருந்து வந்த முறை இது. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. "மூணு மணி நேரம் படிக்கணும்" என்றால் மலைப்பாக இருக்கும். 25 நிமிடம் என்றால் யாரும் உட்கார்ந்துவிடலாம். அதுதான் இதன் பலம். ஆனால் 25 என்பது வேதவாக்கு இல்லை. ஒரு பெரிய ப்ராப்ளத்தின் நடுவில் மணி அடித்தால் அதுவே தொந்தரவு. நேரத்தை மாணவரே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து ஃபாரஸ்ட். தைவானிலிருந்து 2014-ல் வந்த ஆப். படிக்க ஆரம்பிக்கும்போது ஒரு செடி நடுகிறோம். நடுவில் வேறு ஆப்புக்குப் போனால் செடி செத்துவிடும். நட்ட செடி நம்மால் வாடுவதைப் பார்க்க மனசு வராது இல்லையா, அந்த உணர்வைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது "ஒன் செக்". நாம் சொல்லிவைத்த ஆப்பைத் திறக்கப் போனால், உடனே திறக்காமல் மூச்சை இழுத்து விடச் சொல்லும், பிறகு "நிஜமாவே திறக்கணுமா?" என்று கேட்கும். இதைப் பற்றி 2023-ல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் சுமார் 36 சதவீதம் முறை "வேண்டாம்" என்று திரும்பிவிட்டார்கள். பூட்டு எதுவும் போடவில்லை. ஒரு சின்னத் தாமதம், ஒரு கேள்வி, அவ்ளோதான்.

எல்லாத்தையும் பூட்டினா என்ன?

முதலில் தோன்றும் ஐடியா இதுதான். ஆனால் நம் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு லேப் இருக்கா இல்லையா என்பது வாட்ஸ்அப் கிளாஸ் குரூப்பில்தான் வரும். என்பிடெல் பாடம் யூடியூப்பில். நோட்ஸ் பிடிஎஃப்பாக டிரைவில். பணம் கட்டினால் ஓடிபி. ராத்திரி அம்மா கூப்பிடுவாங்க. படிப்பும் கவனச்சிதறலும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. கதவையே சாத்தினால், முதல் தடவை அவசரமாக ஒன்று தேவைப்படும்போதே நம் ஆப்பை எடுத்துவிடுவார்கள்.

ஆகவே "எந்த ஆப்?" என்று கேட்பதை விட "எதுக்காகத் திறக்கிறே?" என்று கேட்பது மேல். ஆரம்பிக்கும்போதே அந்த அமர்வுக்கு என்னென்ன தேவை என்று மாணவர் தேர்ந்தெடுத்துவிடட்டும். இன்றைக்கு யூடியூப் பாடம் என்றால் யூடியூப் திறந்திருக்கும்; கணக்கு போடும் நாளில் மூடியிருக்கும். மூடிய ஆப்பைத் திறந்தால் பூட்டு வேண்டாம். பத்து நொடித் தாமதமும், அவரே எழுதிய வேலையின் பெயரும் திரையில் வந்தால் போதும்.

மூன்றே திரைகள்

முதல் திரையில் ஒரே கேள்வி: "இப்போ என்ன படிக்கப் போறே?" வெறுமனே "மேத்ஸ்" என்று எழுதினால் பாதி நேரம் எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே போய்விடும். "ஃபூரியர் சீரிஸ், ஹாஃப் ரேஞ்ச், 4 கணக்கு" என்று எழுதினால் பேனாவை எடுத்துவிடலாம். அந்தப் பெட்டிக்குள் மங்கலாக இப்படி ஒரு உதாரணம் தெரியும்படி வைத்தால் போதும். பாடம் எடுக்க வேண்டாம்.

இரண்டாவது திரை கிட்டத்தட்ட இல்லாத திரை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் அமர்வு தொடங்கும். இதற்குத் தனி சென்சார் தேவையில்லை. போன் நிமிர்ந்து மேசையில் கிடக்கும்போது ஆக்ஸிலரோமீட்டரின் இசட் அச்சில் சுமார் 9.8 காட்டும், கவிழ்த்தால் அதே எண் மைனஸில் வரும். திரை முழுக்கக் கறுப்பு. ஓடும் நொடிகளைக் காட்ட வேண்டாம். காட்டினால் "இன்னும் எவ்ளோ?" என்று எடுத்துப் பார்ப்பதே புது வியாதியாகிவிடும். ஒரே ஒரு வசதி மட்டும் வைக்கலாம்: "பிறகு பார்" என்று ஒரு சீட்டு. ரெக்கார்டு நோட்டில் சைன் வாங்கணும் என்று திடீரென ஞாபகம் வந்தால் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பலாம். எழுதிவிட்டால் மனம் அதை விட்டுவிடும்.

மூன்றாவது திரை முடிவில் வரும். பட்டாசு, நாணயம், பேட்ஜ் எதுவும் வேண்டாம். "புத்தகத்தை மூடிட்டு, படிச்சதுல மூணு விஷயம் எழுது" என்று கேட்கட்டும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களை விட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம் என்பது வேறு, படித்தோம் என்பது வேறு. அந்த வித்தியாசம் இந்தத் திரையில் தெரிந்துவிடும்.

கோடில் கவனிக்க வேண்டியவை

டைமரை நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போகும்படி எழுதாதீர்கள். திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு நம் ஆப்பை நிறுத்திவைக்கலாம். எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். முடியும் நேரத்தைக் குறித்துவைத்து, திரும்ப வரும்போது கழித்துப் பார்ப்பதே சரி. கடிகாரத்தை மாற்றினால் ஏமாறாமல் இருக்க, போன் ஆன் ஆனதிலிருந்து ஓடும் "எலாப்ஸ்டு ரியல்டைம்" கணக்கைப் பயன்படுத்தலாம்.

2015-ல் ஆண்ட்ராய்டு 6-இல் "டோஸ்" வந்தது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனைத் தூங்கவைக்கும் ஏற்பாடு இது. நாம் மாணவரிடம் கேட்பதும் அதையேதான்: போனைத் தொடாமல் போடு! எனவே சாதாரண அலாரம் தாமதமாகலாம். தூக்கத்திலும் ஒலிக்கக் கூடிய துல்லிய அலாரத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்குத் தனி அனுமதியும் தேவை.

நோட்டிஃபிகேஷனை நாமே தடுக்க முயல வேண்டாம். "டூ நாட் டிஸ்டர்ப்" வசதியைப் பயனரின் அனுமதியோடு நம் ஆப்பே இயக்கலாம். அதில் குறிப்பிட்ட ஆட்களின் அழைப்பை மட்டும் விடலாம். 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாவது முறை கூப்பிட்டாலும் விடலாம். வீட்டில் அவசரம் என்றால் திரும்பக் கூப்பிடுவார்கள், மணி அடிக்கும். இந்த உறுதி இருந்தால்தான் மனம் நிம்மதியாகப் படிக்கும்.

எந்த ஆப் திறந்திருக்கிறது என்று அறிய "யூசேஜ் ஆக்சஸ்" அனுமதி போதும். ஆண்ட்ராய்டு 5 முதல் இருக்கிறது. பயனர் செட்டிங்ஸில் போய் அவரே கொடுக்க வேண்டும். சிலர் குறுக்கு வழியாக "அக்செஸிபிலிட்டி" அனுமதி கேட்பார்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள வசதி. திரையில் இருக்கும் எழுத்தையே படிக்கக் கூடியது. ஒரு டைமருக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு?

டேட்டா யாருடையது?

ரிவ்யூவில் யாராவது கேட்பார்கள்: "எந்த ஸ்டூடண்ட் எவ்ளோ நேரம் படிச்சான்னு ஸ்டாஃபுக்கு ஒரு டேஷ்போர்டு வைக்கலாமே?" கேட்க நன்றாக இருக்கும். வைத்தால் அன்றோடு ஆப்பின் குணமே மாறிவிடும். மாணவர் படிப்பதற்காக ஓடவிட மாட்டார், காட்டுவதற்காக ஓடவிடுவார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு கேன்டீன் போனால் ஆக்ஸிலரோமீட்டருக்கு என்ன தெரியும்? போதாக்குறைக்கு, ஒருவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எந்த ஆப்பைத் திறக்கிறார் என்பதெல்லாம் இன்னொருவர் கைக்குப் போகும்.

சட்டமும் இருக்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சில விலக்குகள் தவிர, அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது. ஃபர்ஸ்ட் இயரில் 17 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

இதற்கு ஒரு அழகான தீர்வு: ஆப்புக்கு இன்டர்நெட் அனுமதியே கேட்காதீர்கள். மேனிஃபெஸ்ட் ஃபைலில் அந்த ஒரு வரி இல்லையென்றால், நம் ஆப் தானாக எந்த சர்வரோடும் இணைய முடியாது. "உங்க டேட்டா பத்திரமா இருக்கு" என்று பத்துப் பக்கம் எழுதுவதை விட, இல்லாத அந்த ஒரு வரி நம்பகமானது.

வெற்றியை எதில் அளப்பது?

"தொடர்ந்து 30 நாள்" என்ற ஸ்ட்ரீக் கணக்கு கவர்ச்சியாக இருக்கும். ஆனால் காய்ச்சலில் ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யமாகும். "போச்சு, இனி எதுக்கு" என்று மொத்தமாக விட்டுவிடுவோம். இல்லையென்றால் எண்ணைக் காப்பாற்றவே ராத்திரி 11:55-க்கு ஆப்பைத் திறப்போம். அதுவும் ஒரு ரீல்ஸ் மாதிரிதான். வாரத்துக்கு நான்கு அமர்வு என்று வைத்தால் மூச்சு விட இடமிருக்கும்.

டெஸ்டிங்கிலும் "ஆப்பில் செலவிட்ட நேரம்" என்று கிராஃப் போடாதீர்கள். பத்து நண்பர்களை ஒரு வாரம் ஆப் இல்லாமலும், ஒரு வாரம் ஆப்போடும் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரமும் இரண்டே கேள்வி: ஆரம்பத்தில் எழுதிய வேலை முடிந்ததா? நடுவில் எத்தனை தடவை போனை எடுத்தாய்? முதல் வாரம் ஒரு நோட்டில் குறித்தாலே போதும். பத்துப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. இன்டர்னல் நெருங்கும் வாரமாக இருந்தால் ஆப் இல்லாமலே எல்லோரும் படிப்பார்கள். அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள், மதிப்பு குறையாது.

மூன்று மாதம் கழித்து ஒரு நண்பர் வந்து "இப்பல்லாம் உன் ஆப் தேவைப்படலடா, போனை ஷெல்ஃப்ல வெச்சுட்டு உக்காந்துடறேன்" என்று சொன்னால், அன்இன்ஸ்டால் கணக்கில் ஒன்று கூடும். அதை வெற்றி என்ற கட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.