மார்புக் கவசத்தில் ஒரு நகரம்

மத்தியகால ஸ்பெயின் தேவாலயங்களில் பீடத்தின் பின்னே, மரப்பலகை ஓவியங்கள் பலவற்றை அடுக்கடுக்காக இணைத்து உயரமாக நிறுத்துவார்கள். 'ரெத்தாப்லோ' என்பது அதன் பெயர். நடுப்பலகையில் பெரும்பாலும் ஆலயத்தின் பாதுகாவலரான புனிதர் இருப்பார். சுற்றிவர அவரது சரிதை. எழுத்தறியாத மக்களுக்கு அதுவே வேதபுத்தகம் என்று வழக்கமாக விளக்கம் கூறுவர். இவ்விளக்கம் போதாது என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வலென்சியாப் பகுதியிலுள்ள தூஸ் என்ற ஊரின் ஆலயத்துக்காக, பார்த்தொலொமே பெர்மெஹோ 1468இல் தீட்டிய நடுப்பலகை இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பொன் பின்னணியில் அதிதூதர் மிக்கேல் வாளை ஓங்கி நிற்கிறார். காலடியில், பல பிராணிகளின் உறுப்புக்களை ஒட்டிச் செய்தாற்போன்ற சாத்தான். அருகே, ஓவியத்தைச் செய்வித்த பிரபு அந்தோனி ஜுவான் முழந்தாளிட்டிருக்கிறார். அவர் கையில் விரித்தபடி ஒரு சங்கீதப் புத்தகம். அதில் தெரிபவை பாவமன்னிப்பை வேண்டும் சங்கீதங்கள். எழுத்தறிந்த செல்வருக்கும் இந்தச் சித்திரம் தேவைப்பட்டிருக்கிறது!

அவரது மன்றாட்டத்துக்கு மறுமொழி எங்கே? மிக்கேலின் மார்புக் கவசத்தை உற்று நோக்குங்கள். பளபளக்கும் அந்த உலோகத்தில் கோபுரங்கள் நிறைந்த நகரமொன்று பிரதிபலிக்கிறது. அதுதான் வானக ஜெருசலேம். பிளெமிய ஓவியர்கள் வளர்த்தெடுத்த எண்ணெய் வர்ண நுட்பத்தைப் பெர்மெஹோ நன்கு கற்றிருந்தமையால், உலோகத்தின் மினுக்கத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது.

பிரதிபிம்பம் என்றால் அதற்குரிய பொருள் எதிரே இருக்கவேண்டுமல்லவா? மிக்கேலுக்கு எதிரே நின்றவர்கள் யார்? பீடத்தின் முன் கூடிய சபையார். அப்படியானால் நகரம் அவர்கள் நிற்கும் பக்கத்திலேயே இருக்கிறது. ஓவியம் பாடம் சொல்வதோடு அமையாமல், பார்ப்பவரையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. நான் இதனை இப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆனால் அக்காலத்துத் திருச்சபை எல்லோரையும் அப்படிச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெர்மெஹோவின் மனைவி, கிறிஸ்தவத்துக்கு மாறிய யூதர் வழிவந்தவர். 1486இல் மதவிசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. சபையார் அனைவரையும் வானக நகரத்தின் பக்கம் நிறுத்திக்காட்டிய ஓவியரின் வீட்டிலேயே, ஒருவர் அதன் வாசலில் தடுக்கப்பட்டார். இதை அறிந்தபின், கவசத்தில் மின்னும் அந்தச் சிறு நகரத்தை என்னால் முன்போலப் பார்க்க முடிவதில்லை.