விற்றாலும் கைமாறாத நிலம்

நிலம் ஒருவருக்குச் சொந்தம் என்றால் அதை விற்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பதுதான் ஊரறிந்த வழக்கம். பஞ்சமி நிலம் இந்த வழக்கத்துக்குள் அடங்காது. "பத்திரம் இருக்கிறது, பணமும் கொடுத்தேன், பிறகென்ன?" என்று கேட்பவர் முன்னால் நம்மவர்கள் பலமுறை பேச்சற்று நின்றதைப் பார்த்திருக்கிறோம். இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் பதில் தேடுவது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். ஊரில் தரிசு கிடந்தது; கேட்டுப் பெற வேண்டியதுதானே என்று இன்று தோன்றலாம். ஆனால் தரிசின் மீது முதல் பாத்தியதை மிராசுதாருக்கு. சேரியின் குடிசை மனைகூட அவருடையது என்றார்கள். கூலி உயர்த்திக் கேட்டவன் குடியிருப்பையும் இழக்கும் நிலை. வரம்பில்லாத நிலவுரிமை ஒரு பக்கத்தாருக்கு மட்டும் இருந்தால் மறுபக்கத்தார் என்ன ஆவார்கள் என்பதை அந்த அறிக்கை காட்டியது.

அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படை செய்யப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. ஒப்படையின் நிபந்தனைகள் இவை: முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தை இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கியவரின் வக்கீல் இங்கே ஒரு வாதம் வைப்பார். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி, சொத்தைக் கைமாற்றவே கூடாது என்று முற்றாகத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்பார். பிரிவு உண்மைதான். ஆனால் அன்று அரசு வழங்கிய நிலத்துக்கு அது பொருந்தாது. 1895இல் வந்து 2018இல் நீக்கப்பட்ட அரசு மானியங்கள் சட்டம், அப்படி வழங்கிய நிலம் அதன் நிபந்தனைகளின்படியே நடக்கும் என்றது. நம் ஆட்கள் பலர் இந்தச் சட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. எதிர்த் தரப்பு நன்றாக அறிந்தே மௌனம் காக்கிறது.

கர்நாடகம் இதற்கென்றே 1978இல் தனிச்சட்டம் இயற்றியது. மஞ்சேகவுடா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இங்கோ நிபந்தனை வருவாய் வாரிய நிலையாணையிலும் ஒப்படை ஆணையிலும் ஒதுங்கிக் கிடக்கிறது.

கைநாட்டு வைத்தது நம் தாத்தாதானே என்பார்கள். வைத்தார். விதைக்கும் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் கடன் தந்தவரே நிலத்தையும் எழுதி வாங்கினார். கடன்பட்டவனின் ஒப்புதலை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் அந்த நிபந்தனையே.

நம் பிள்ளைகளில் சிலரும் நிபந்தனையை எடுத்துவிட்டால் நல்ல விலைக்கு விற்கலாம் என்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். கடனும் தண்ணீரும் கிடைக்காத நிலத்தைக் கட்டி அழ யாருக்கு மனம் வரும்? ஆனாலும் இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விற்கும் உரிமை வந்த மறுநாள் வாசலில் நிற்கப்போவது யார் என்று நமக்குத் தெரியும்.

காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது புதிய உரிமையல்ல, 1892இல் எழுதிக் கொடுத்தது.

நிலம் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய சிட்டாவைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். 1979க்குப் பின் நடந்த யு.டி.ஆர். பணியில் பல ஊர்களில் பழைய குறிப்பு உதிர்ந்து, அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். புல எண்ணுக்கு நேரே டி.சி. என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.