கையடக்கத் திரையில் சிதையும் சட்டகம்

டிவிடி வட்டில் உள்ள திரைப்படத்தைக் கையடக்கக் கருவிக்கேற்ற கோப்பாக மாற்றுவோர், கோப்பின் அளவிலும் ஒலியின் தெளிவிலும் காட்டும் அக்கறையைப் படத்தின் அகல உயர விகிதத்தில் பெரும்பாலும் காட்டுவதில்லை. முகங்கள் ஒடுங்கியோ உடல்கள் குறுகிப் பருத்தோ தோன்றும் கோப்புகள் அதனால் உருவாகின்றன. மூல வட்டு பழுதான பின் அவையே அந்தப் படத்தின் எஞ்சிய பிரதிகளாக நிலைத்தும் விடுகின்றன. ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டகம் படைப்பின் ஓர் உறுப்பு என்பதால், இது பொறுத்துக்கொள்ளத் தக்க குறையன்று.

பிழையின் வேர் டிவிடி படத்தைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. இந்தியாவும் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய பிஏஎல் முறையில் முழுச் சட்டகம் 720 புள்ளி அகலமும் 576 வரி உயரமும் கொண்டது. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் அகலம் அதுவே, உயரம் மட்டும் 480 வரி. முதலாவதன் விகிதம் 1.25, இரண்டாவதன் விகிதம் 1.5, பழைய தொலைக்காட்சித் திரையின் 4:3 விகிதத்துக்கோ அகலத்திரையின் 16:9 விகிதத்துக்கோ இவற்றுள் எதுவும் பொருந்தாது. சேமிக்கப்பட்ட புள்ளிகள் சதுரமானவை அல்ல என்பதே இதற்குக் காரணம். ஒரே 720 புள்ளிகளை எவ்வளவு அகலத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும் என்பதை வட்டில் பதிந்துள்ள ஒரு சிறு குறியீடு சொல்கிறது. டிவிடி இயக்கி அதைப் படித்து, திரைக்கேற்ப உருவத்தை விரிக்கிறது. அகலமான படத்தை இவ்வாறு ஒடுக்கிப் பதிந்து, காட்டும்போது விரிப்பதையே அனமார்ஃபிக் முறை என்பர்.

மாற்றும் மென்பொருள் இந்தக் குறியீட்டைத் தவறவிட்டாலோ, புதிய கோப்பில் எழுதப்பட்ட குறியீட்டைக் கருவி புறக்கணித்தாலோ உருவம் குலைகிறது. 2005-இல் வெளிவந்த, நிகழ்படம் காட்டும் ஐபாடின் திரை 320 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்டது. 16:9 விகிதப் படம் ஒன்றை அந்தத் திரை முழுவதையும் நிரப்பும்படி மாற்றினால் ஒவ்வொரு முகமும் கால் பங்கு அகலத்தை இழக்கும். 320-க்கு 180 என்ற அளவில் மாற்றினால் மேலும் கீழும் முப்பது முப்பது வரிகள் கருமையாக இருக்கும், முகம் முகமாகவே இருக்கும்.

சினிமாஸ்கோப் படங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1953-இல் ஹாலிவுட்டில் அறிமுகமாகி, தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ வழியாக வந்த இந்த முறையின் விகிதம் ஏறத்தாழ 2.35. அத்தகைய படம் 16:9 சட்டகத்துக்குள் வைக்கப்படும்போது, பிஏஎல் வட்டின் 576 வரிகளில் ஏறத்தாழ 436 மட்டுமே படம். எஞ்சிய 140 வரிகள் மேலும் கீழும் கரும்பட்டைகளாக நிற்கின்றன. அப்பட்டைகளை வெட்டி நீக்குவது முறையானதே. கருமைக்கும் படத்துக்கும் இடையிலான கூரிய விளிம்பைக் குறியேற்றுவதில் வீணாகும் தரவும் அதனால் மிச்சமாகும். ஆனால் வெட்டிய பின் விகிதம் 16:9 அன்று என்பதை மறந்து, பழைய 320-க்கு 180 என்ற அளவையே கொடுப்பதுதான் இத்துறையில் மிக எளிதாக நேரும் பிழை. அதன் விளைவாகப் பாத்திரங்கள் மூன்றில் ஒரு பங்கு உயரம் கூடிவிடுகிறார்கள். முதலில் வெட்ட வேண்டும், பின்னரே எஞ்சிய பரப்பின் உண்மையான விகிதத்தைக் கணக்கிட வேண்டும், அதன் பிறகே அளவைச் சுருக்க வேண்டும். அவ்வாறு செய்தால் கிடைக்கும் அளவு 320-க்கு 136.

குறியேற்ற முறைகள் படத்தைப் பதினாறு புள்ளிப் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், அகலமும் உயரமும் பதினாறால் வகுபடுவதைச் சில கருவிகளும் மென்பொருள்களும் எதிர்பார்க்கின்றன. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவியின் 480-க்கு 272 என்ற திரையில் சினிமாஸ்கோப் படத்துக்கு உரிய உயரம் 204 வரி. அதை வகுபடும் எண்ணாகிய 208-க்கு உயர்த்தினால் படம் இரண்டு விழுக்காடு நீள்கிறது. மூலப்படத்தின் இரு பக்கங்களிலும் ஏழு ஏழு புள்ளிகளைக் கூடுதலாக வெட்டினால் அந்த நீட்சியும் நேராகிவிடும். 720 புள்ளிகளில் ஏறத்தாழ 702 மட்டுமே 4:3 அல்லது 16:9 பரப்பைக் குறிக்கின்றன என்ற நுட்பமான கணக்கும் உண்டு. அதனால் விளையும் வேறுபாடு இரண்டரை விழுக்காடு என்பதால், சிறு திரையில் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

கரும்பட்டையைக் குறையாகக் கருதிப் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டித் திரையை நிரப்புவோரும் உள்ளனர். 2.35 விகிதப் படத்தை 4:3 அளவுக்கு வெட்டினால் நூற்றில் 43 பங்கு படம் போய்விடுகிறது. சட்டகத்தின் இரு முனைகளில் இரு பாத்திரங்கள் எதிரெதிரே நிற்கும் காட்சியில் எஞ்சுவது அவர்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடமே. நீட்டலும் வெட்டலும் ஆகிய இரண்டைவிடவும் கரும்பட்டையே மேலானது.

முழுப்படத்தையும் மாற்றுவதற்கு முன், கடிகாரமோ முழுநிலவோ நேர்ப்பார்வையில் தோன்றும் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பார்ப்பது நலம். பழகிய கண் சிறு நீட்சியை விரைவில் ஏற்றுக்கொண்டுவிடும், அளவுகோல் ஏற்பதில்லை. ஏவிஐ கோப்புகளில் விகிதக் குறியீட்டுக்கு உறுதியான இடமில்லாததால், அவற்றை உருவாக்கும்போது புள்ளிகளைச் சதுரமாக்கிவிடுவதே பாதுகாப்பான வழி. எம்பி4, மட்ரோஸ்கா போன்ற கோப்பு வகைகள் குறியீட்டைத் தம்முள் ஏற்பதால், ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் அனமார்ஃபிக் அமைப்பைத் தேர்ந்து, வட்டின் 720 புள்ளிகளையும் குறைக்காமல் வைத்துக்கொள்ளலாம். கணினிக்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் அந்தக் கோப்பு ஏற்றது; குறியீட்டைப் படிக்காத பழைய கையடக்கக் கருவிக்குச் சதுரப் புள்ளிகளால் ஆன தனிப்பிரதி ஒன்றை அதே வட்டிலிருந்து உருவாக்கிக்கொள்ள வேண்டும்.