எலும்பு பலத்துக்கு கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா? 40 வயதைக் கடந்தவர்கள் கவனிக்க வேண்டியவை!

பாத்ரூமில் லேசாக வழுக்கியதுதான். கையை ஊன்றி விழுந்த பாட்டிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இப்படி ஒரு சம்பவம் பல வீடுகளில் நடந்திருக்கும். அடுத்த வாரமே வீட்டிலுள்ள அம்மாக்கள் மெடிக்கல் ஷாப்பில் கால்சியம் மாத்திரை வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே அதையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

எலும்பு ஏன் மெலிகிறது?

நம் எலும்பு சுமார் 30 வயதில் உச்ச பலத்தை அடைகிறது. அதன்பின் புதிதாக உருவாவதைவிட கரைவது மெல்ல மெல்ல அதிகமாகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பெண்களுக்கு முதல் சில ஆண்டுகளில் இந்த இழப்பு வேகமெடுக்கும். இதுவே முற்றினால் ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப்புரை. எலும்பு முறியும்வரை வலியே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

கால்சியம்: தட்டிலேயே இருக்கிறது

பெரியவர்களுக்கு தினமும் 1,000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் சுமார் 480 மி.கி., 50 கிராம் கேழ்வரகில் 175 மி.கி., ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் 150 மி.கி., 10 கிராம் எள்ளில் 120 மி.கி. கிடைக்கும். கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, மோர் என்று சேர்த்துக்கொண்டாலே பெரும்பகுதி வந்துவிடும். உப்பு அதிகமானால் கால்சியம் சிறுநீரில் வெளியேறும். எனவே ஊறுகாய், அப்பளத்தில் அளவு தேவை.

வைட்டமின் டி: இளவெயில் போதாது

சாப்பிட்ட கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். காலை ஆறு மணி வெயிலில் அதை உருவாக்கும் புற ஊதா கதிர்கள் மிகக் குறைவு. 11 மணி முதல் 2 மணிக்குள், முகம், கைகளில் வெயில் படும்படி சிறிது நேரம் நிற்பது பலன் தரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது.

துணைக்கு இவையும் வேண்டும்

உடலிலுள்ள மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. வைட்டமின் டி வேலை செய்யவும் அது தேவை. கொட்டைகள், சிறுதானியம், பருப்பில் கிடைக்கும். கால்சியத்தை எலும்பில் பிடித்து வைக்கும் புரதத்துக்கு கீரையிலுள்ள வைட்டமின் கே உதவும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கீரை அளவைத் திடீரென மாற்றக் கூடாது.

மாத்திரை எடுப்பவர்கள் கவனத்துக்கு...

* தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி அவசியம். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்த்து எடுக்கக் கூடாது.

* ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் கால்சியம் வேண்டாம். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டுடன் எடுக்க வேண்டும்.

* 60,000 யூனிட் வைட்டமின் டி, பொதுவாக வாரம் ஒருமுறைக்கானது. தினமும் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் கூடி சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

* சிறுநீரகக் கல் இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மாத்திரை மட்டும் காப்பாற்றுமா?

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் பொதுவாக எல்லோருக்கும் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்ததில், எலும்பு முறிவு குறையவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரை தேவை. மற்றவர்களுக்கு உணவு, நடை, படியேறுதல், பருப்பு, முட்டை போன்ற புரதம்தான் முதலில்.

மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரின் ஆலோசனையோடு டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

அம்மா இப்போது தைராய்டு மாத்திரையைக் காலையிலும், டாக்டர் சொன்ன கால்சியத்தை மதியச் சாப்பாட்டுடனும் எடுக்கிறார். இன்று உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்!