படிகத்துக்குள் எவ்வளவு தண்ணீர்?

மயில்துத்தத்தில் ஈரம் இருப்பதாகப் பார்த்தால் தெரியாது. திராட்சைக் கொடிக்குப் போர்டோ கலவை அடிப்பவர்கள் வாங்கும் அந்த நீலப் படிகத்தில் எடைக்கு 36 சதவீதம் தண்ணீர்தான். சலவை சோடாவின் புதுப் படிகத்திலோ 63 சதவீதம்.

இது மேலே ஒட்டிய ஈரம் அல்ல. மயில்துத்தத்தில் ஒவ்வொரு தாமிர அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகப் பற்றியிருக்கின்றன. ஐந்தாவது, ஹைட்ரஜன் பிணைப்பால் சல்பேட்டோடு சேர்ந்திருக்கிறது. நீல நிறமே இந்த நீரால் வந்ததுதான்.

ஐந்து என்ற எண்ணைப் பள்ளி ஆய்வகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வெறும் பீங்கான் மூசையைச் சூடாக்கி, ஆறவிட்டு, எடை பார்க்க வேண்டும். பிறகு அதில் பொடித்த படிகம் 2.50 கிராம். தீ மெல்ல ஏற வேண்டும். சட்டென்று கூட்டினால் உள்ளிருந்து கிளம்பும் நீராவி துணுக்குகளை வெளியே தெறிக்க வைக்கும். தெறித்த உப்பும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். சூடு ஏற ஏற நீலம் வெளிறும். நான்கு மூலக்கூறுகள் சுமார் 110 டிகிரிக்குள் போய்விடும். கடைசி ஒன்றை வெளியேற்ற 200 டிகிரிக்கு மேல் தேவைப்படும். மிஞ்சுவது சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி.

சூட்டோடு எடை போடக் கூடாது. மூசையைச் சுற்றி மேலெழும் வெப்பக்காற்று எடையைக் குறைத்துக் காட்டும். மேசைமேல் திறந்து வைத்தாலும் ஆபத்து. அந்தப் பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நீலம் பூக்கும். அதனால் சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில்தான் ஆற வேண்டும். பிறகு மீண்டும் சூடு, மீண்டும் எடை. அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை இது தொடரும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். விடையின் நம்பகமோ முழுக்க இதில்தான் இருக்கிறது.

மிஞ்சியது 1.60 கிராம் என்றால் போனது 0.90 கிராம். நீரை 18ஆல் வகுத்தால் 0.05 மோல், நீரற்ற உப்பை 159.6ஆல் வகுத்தால் 0.01 மோல். ஒன்றுக்கு ஐந்து.

ஆனால் எடை குறைந்ததெல்லாம் தண்ணீர் என்று தராசு சொல்வதில்லை. அது நம் ஊகம். மயில்துத்தத்தை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் சல்பேட்டே சிதைந்து, கறுப்புத் தாமிர ஆக்சைடு தலைகாட்டும். மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதன் ஆறு நீர் மூலக்கூறுகளை விரட்டப் பார்த்தால், நீரும் உப்பும் தமக்குள் வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் கூடவே கிளம்பும். அந்தக் கணக்கு தேறாது.

இத்தகைய உப்புகளுக்கு 1935இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் தந்த முறை கைகொடுக்கிறது. மெத்தனாலில், ஒரு காரத்தின் துணையோடு, அயோடினும் சல்ஃபர் டை ஆக்சைடும் நீரோடு வினைபுரியும். ஒரு மோல் நீருக்கு ஒரு மோல் அயோடின். நீர் தீர்ந்ததும் அயோடின் மிஞ்சத் தொடங்கும். செலவான அயோடினே நீரின் அளவு. காய்ச்சவே வேண்டாம்.

ஆனால் இந்த முறைக்கு மயில்துத்தம் பிடிகொடுப்பதில்லை. தாமிர அயனி, கரைசலில் உள்ள அயோடைடிலிருந்து தானே அயோடினை உண்டாக்கிவிடும். நீர் குறைவாக இருப்பதாகத் தோன்றும். எனவே அதற்கு மூசையும் தராசும்தான் சரி. ஃபிஷர் கரைசலின் வலிமையைச் சரிபார்க்க நம்புவதும் ஒரு நீரேறிய உப்பைத்தான்: சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட். சாதாரண அறைக் காற்றில் ஈரத்தை ஏற்காமலும் இழக்காமலும் அதன் நீர் 15.66 சதவீதத்திலேயே நிற்கும்.